கரண்ட் வந்ததும் சொன்ன வார்த்தை

மெர்சி அத்தை இறந்த செய்தி நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. போனை வைத்துவிட்டு வந்த அப்பா, "நர்ஸம்மா போயிருச்சாம். கொட்டாம்பட்டியில, தங்கச்சி வீட்ல வச்சு" என்றார். அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். "நாளைக்குச் சாயங்காலம் அடக்கமாம். நம்ம யாரும் அங்கிட்டுப் போக வேணாம்" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அத்தையின் சபையைச் சேர்ந்த என் வகுப்புத் தோழியிடம் காலையில் கொடுத்துவிடுவேன். அடக்கத்துக்கு வரும், அவரை அறிந்த உங்கள் முன்னால் யாராவது வாசித்தால் போதும்.

திருநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் அத்தை வாடகைக்கு இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், ஊசியென்றால் பயம். தினமும் காலையில் அத்தைதான் வந்து போட்டுவிடுவார். "இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு இத்தினிக்கூண்டு ஊசிக்குப் பயந்தா எப்படிண்ணே?" என்பார். அப்பா சிரித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும்.

அப்போதெல்லாம் கரண்ட் அடிக்கடி போகும். திரும்பி வந்ததும் அத்தை தன் வீட்டுக்குள்ளிருந்து "ஸ்தோத்திரம்!" என்பார். அது அவர் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் வார்த்தை. தெருப் பிள்ளைகளான எங்களுக்கோ அது கரண்ட் வந்ததற்கான வார்த்தை. விளக்கு எரிந்ததும் யார் முதலில் கத்துவது என்று போட்டி போடுவோம். "அடியே, எனக்கு முந்திக் கத்திப்புட்டியே! வாயப் பாரு" என்று அத்தை ஜன்னலில் வந்து சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார்.

ஒருநாள் ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தபோது கரண்ட் போனது. மின்விசிறி மறுபடி சுற்றியதும் நான் இரண்டு கையையும் தூக்கி "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன்.

"என்னா சொன்ன?" என்றார் பெரியப்பா.

"கரண்ட் வந்தா அப்படித்தான் சொல்லுவோம் பெரியப்பா."

"கரண்டுக்கு எவன் ஸ்தோத்திரம் சொல்லுவான்? தம்பி, ஊசி போட வந்தவ ஒம்மகள மாத்திப்புட்டாடா."

அப்பாவுக்கு உண்மை தெரியும். ஆனாலும் அண்ணன் முன்னால் தலையை மட்டும் ஆட்டினார். மருந்து கொடுக்கும் சாக்கில் பிள்ளைகளை மதம் மாற்றுகிறார் என்று பெரியப்பா எழுதிய மனுவில் கையெழுத்தும் போட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் என்னையும் நிறுத்தினார்கள். கரண்டுக்காகத்தான் சொன்னேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்கா" என்றார் பெரியப்பா. என்னிடம் இருந்த உண்மை அவ்வளவு சின்னது.

எஸ்.ஐ. பொறுமையான மனிதர். "ஏம்மா, அது சும்மா வாயில வர்ற வார்த்தை, அதுல ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இதோட முடிச்சுக்குவோம்" என்றார்.

"பிள்ளைக சும்மா சொன்னுச்சுக, சார். நான் சும்மா சொல்லல" என்றார் அத்தை. "லைட்டு எரிஞ்சதுக்கும் ஆண்டவருக்குத்தான் சொன்னேன். அத ஒண்ணுமில்லன்னு எப்படி எழுதுவேன்? இந்தப் பிள்ளைய நான் மாத்தல. அத எங்க வேணாலும் எழுதித் தாரேன்."

அதை மட்டும் எழுதிக் கொடுத்தார். வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் அன்று மாலையே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அத்தை வழக்கம்போல் எங்கள் கேட்டுக்கு வந்தார். "அண்ணே, மருந்த ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வச்சுட்டீகளா?" அப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கேட்டைத் திறக்காமல், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டினார். மருந்தையும் ஊசியையும் நான் கம்பி வழியாகக் கொடுத்தேன். அத்தை தெருவில் நின்றபடியே போட்டார். மீசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே நீங்களே போட்டுப் பழகணும்ணே" என்று மட்டும் சொன்னார்.

காலி செய்து போகும்வரை தினமும் வந்தார். ஒருநாளும் அந்தக் கேட் திறக்கவில்லை. கொக்கி என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

அத்தை என்னை எதற்கும் அழைத்ததில்லை, நானும் மாறவில்லை. ஒரு வார்த்தையை ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும், வீடும் தெருவும் மிஞ்சியிருக்கும் என்ற இடத்தில் அவர் அப்படிச் சொல்லாமல் நின்றார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை. பார்த்தது மட்டும் என்னிடம் இருக்கிறது.

கீழே பெயர் எழுதப் பயமாக இருக்கிறது. யார் எழுதியது என்று யாராவது கேட்டால், அவர் மதம் மாற்றியதாகச் சொன்னார்களே, அந்தப் பிள்ளை என்று சொல்லுங்கள்.