காளவாசலில் ஒரு வரவேற்பு

மிஷன் பள்ளிக் கணக்கு வாத்தியார் தனிஸ்லாஸ், நாவல் எழுதப்போவதாகப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வீட்டுச் சத்தத்தில் எழுத்து ஓடவில்லை என்று, கோடை விடுமுறைக்கு இலங்கையில் கண்டிக்குப் போய் அறை எடுத்தார். பேச்சுத் துணைக்குத் தன் பள்ளியின் பி.டி. மாஸ்டர் அழகுபாண்டியை அழைத்துப் போனார். அங்கே அழகுபாண்டிதான் தினமும் உட்கார்ந்து மளமளவென்று கதைகள் எழுதினார். தனிஸ்லாஸ் ஏரியைச் சுற்றினார், தூங்கினார். நாவல் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

ஊருக்குத் திரும்பிவந்து காளவாசல் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஆளுயர பிளெக்ஸ். 'கடல் கடந்து காவியம் படைத்துத் திரும்பும் அண்ணனே, வருக!' படத்தில் தனிஸ்லாஸ் மட்டும், கன்னத்தில் கை வைத்தபடி. மைத்துனன் இம்மானுவேல் மாலையோடு ஓடிவந்தான்.

தனிஸ்லாஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. "டேய் இம்மானு, நான் ஒரு வரிகூட எழுதலடா. எழுதுனதெல்லாம் இவன்தான்."

"பாத்தீகளா, எங்க மச்சானுக்கு எம்புட்டு அடக்கம்!" என்று இம்மானுவேல் கத்த, கூட்டம் கைதட்டியது.

நீயாவது சொல்லேன் என்பதுபோல் தனிஸ்லாஸ் நண்பரைப் பார்த்தார்.

"குனி மாப்ள, மாலையப் போட்டுறட்டும்," என்றார் அழகுபாண்டி மெதுவாக. "வெயில்ல எம்புட்டு நேரந்தான் நிப்பாக?"

தனிஸ்லாஸ் குனிந்தார். போட்டோ எடுப்பவர் நிமிரச் சொல்லியும் அவரால் முகத்தைத் தூக்க முடியவில்லை.