ரயில் போகும்வரை

மெல்பேர்னில் ரயில் போகும்போது யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. தண்டவாளத்தை ஒட்டிய கோப்பிக் கடையில் இருக்கிறேன். கோப்பை அதிர ரயில் போகிறது. பக்கத்து மேசைப் பெண்கள் குரலைக்கூட உயர்த்தாமல் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய மரியாதைக்கேடாகப் பட்டது. யார் யாருக்குக் கொடுக்காத மரியாதை என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் தொடர்மாடிப் பிளட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை. ரயில் வந்தால் வீட்டில் எல்லா வாயும் மூடும். போனதும் விட்ட சொல்லிலிருந்து பேச்சு தொடங்கும். அக்காவைப் பெண் பார்க்க வத்தளையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாது. நாங்கள் எல்லோரும் மௌனமாக இருக்க, மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும், பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா என்று ரயிலுக்கு மேலாகக் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய கோபம் பாதியில் நின்று, மிச்சம் ரயிலோடு தெற்கே காலி நகருக்குப் போய்விடும்.

இங்கே படிப்பை முடித்தேன். விசா முடிவதற்குள் ஒரு கணக்காளர் வேலை கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டும். திரும்பினால் என்ன செய்வது என்று அம்மாவும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை. கடைசியில் ஒரு நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வேலையில் ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். கொழும்பில் வேலை செய்த காலத்துக் கதையொன்றை நன்றாகவே தொடங்கினேன். ஜன்னலுக்குக் கீழே ரயில் வந்தது. நான் நிறுத்திவிட்டுப் புன்னகையோடு காத்திருந்தேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

"தண்ணீர் வேண்டுமா?"

"இல்லை, ரயில்" என்றேன்.

"ஓ, ரயிலுக்கு நேரமாகிவிட்டதா? அப்படியென்றால் சீக்கிரம் முடித்துவிடுவோம்."

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகவே வழியனுப்பியும் வைத்தார். வேலை கிடைக்கவில்லை.

அதன் பிறகு பின்னேரங்களில் ரயில் நிலையத்துக்குப் போய் நின்றேன். காதில் போனை வைத்துக்கொண்டு நேர்முகப் பதில்களை உரக்கச் சொல்வேன். ரயில் வந்தாலும் நிறுத்தக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். முதலில் வாய் தானாக மூடியது. பிறகு பழகிவிட்டது. பார்த்தவர்கள் நான் யாருடனோ கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மறுமுனையில் யாரும் இல்லை. சில நாட்களில் நான் வாய் திறந்து கதைத்ததே அவ்வளவுதான்.

போன கிழமை இன்னொரு நேர்முகம். இந்த ஊரில் ரயில் பாதைக்குத் தப்பிய அலுவலகம் குறைவு. ரயில் வந்தது, நான் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு போனேன். நேற்று வேலை தந்துவிட்டதாக அறிவித்தார்கள். உடனே வெள்ளவத்தை வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, வேலை கிடைச்சிட்டுது. திங்கக்கிழமை துவங்கச் சொல்லியிருக்கினம். இனி விசாவைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஒஃபிஸும் கிட்டத்தான், ஆக்களும் நல்ல ஆக்கள் மாதிரித்தான் இருக்கு..."

சொல்லிக்கொண்டே போனேன். அம்மாவிடமிருந்து ஒரு ஓம்கூட வரவில்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. கொஞ்சம் கழித்துத்தான் அவர் குரல் வந்தது.

"நீ சொன்னது ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை. இங்க ட்ரெயினெல்லோ போனது. உனக்குக் கேக்கேல்லையே?"

"கேட்டதம்மா" என்று பொய் சொன்னேன்.

"பிறகேன் நிப்பாட்டேல்லை? சரி, இப்ப சொல்லு."

அம்மா காத்திருந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி விட்ட சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தச் சொல்லில் ரயில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.