டொமினிக் சுவாமியைப் பற்றிய நாலு வரி

பஸ்தியாம்பிள்ளை இருபத்திரண்டு வருடம் லண்டன் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். அகதியின் அழுகையையும் வக்கீலின் புளுகையும் அப்படியே மற்ற மொழியில் சொல்லவேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது. அடக்கி வைத்ததெல்லாம் ஓய்வு பெற்றபின் ஆங்கிலப் பாட்டாக வெடித்தது. குடிவரவு வக்கீல் ஒருவரையும், தேர்தலுக்கு மட்டும் வேட்டி கட்டும் கவுன்சிலர் ஒருவரையும் எதுகை பிசகாமல் கிழித்தார். பெயர் போடமாட்டார். தெற்கு லண்டன் மோர்டனில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோவிலில், மடித்து வைத்த பூசைத் தாள்களுக்குள் இரகசியமாகச் செருகிவிடுவார். கோவில் முற்றமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவருக்குக் கள்ளைப்போல.

மூன்றாவது பாட்டு பங்குத்தந்தை டொமினிக் சுவாமியைப் பற்றியது. நாலே வரி. பாவி தன் மூன்றாவது பாவத்தைச் சொல்லுமுன் சுவாமியின் குறட்டை வந்துவிடும் என்று தொடங்கி, மேலே கடவுளாவது விழித்திருக்கிறாரா என்று முடியும்.

அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் சுவாமி பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அமரவேயில்லை. உறங்கிவிடுவேனோ என்ற பயத்தில், மாதாவின் சுருவச் சிலைக்குப் பக்கத்தில், வீங்கிய கால்களோடு நின்றபடியே கேட்டார். நான்கு மாதத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. இருதய நோய்க்கு அவர் எடுத்த மாத்திரைதான் அந்த உறக்கத்தைத் தந்தது என்பது செத்தவீட்டில்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

பழி மேரிசாந்தியின் தலையில் விழுந்தது. பூசைத் தாள் மடிப்பவள் அவள்தானே! பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அவளுக்கு நீண்ட கை ஒன்றுமில்லை.

பஸ்தியாம்பிள்ளையோ எங்கும் அமரமுடியாதவரானார். ரயிலில் இருக்கை காலியாக இருக்கும். கதவருகே செத்துப்போன சுவாமி நிற்பார். சோற்றுக் கோப்பையோடு மேசைக்கு வந்தால் குளிர்ப்பெட்டியடியில் நிற்பார். முகத்தில் கோபமில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருப்பவரைப்போல நிற்பார். அந்தப் பொறுமைதான் பஸ்தியாம்பிள்ளையை அணுவணுவாகக் கொன்றது.

சுவாமியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரங்கற்பா எழுதிப் பூசை முடிவில் வாசிக்கும்படி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்ற மரியாதையில் கோவில் சபை அவரைத்தான் கேட்டது. அதை அறிந்து மேரிசாந்தி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, உங்கட சொல்லை எல்லாரும் மதிப்பினம். அந்தப் பாட்டை எழுதினது நானில்லை எண்டு ஒரு வரி போட ஏலுமே?"

"பாப்பம் பிள்ளை" என்றார். அவள் போனபின் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினார். இரங்கற்பாவுக்குப் பேனா எடுத்தபோதெல்லாம் அந்தப் பழைய நாலு வரியே வந்து விழுந்தது.

முப்பத்தோராம் நாள் வாசக மேடையில் ஏறி, அந்த நாலு வரியையே வாசித்தார். எழுதியது தான் என்றும், தாளை மடித்ததைத் தவிர மேரிசாந்தி ஒரு பாவமும் அறியாதவள் என்றும் சொன்னார். அவர் இறங்கி வந்த வழியில் வாங்குகளில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வெளியே, மழையில் நின்றவரிடம் மேரிசாந்தி வந்தாள். நன்றி சொல்வாள் என்று ஒரு கணம் நினைத்தார்.

"என்ர பேரைத் திருப்பித் தந்திட்டியள், அண்ணை. இதைச் சுவாமி உயிரோட இருக்கேக்கை அவரிட்டைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தா, அந்த மனுசன் பழையபடி கூண்டுக்குள்ள போய் இருந்திருக்கும்."

அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். அவர் நனைந்தபடியே நின்றார்.