ரஸ்ஸல் சொல்லிக்கொடுத்த ஆட்டம்

ஜெரார்ட் ஸ்டகுரா அடுத்தவன் வீட்டையோ வண்டியையோ பார்த்து வயிறெரிந்தவன் இல்லை. பஃபலோவை ஒட்டிய லாக்கவானாவில் பிறந்து, அந்த ஊர்த் தெருக்களிலேயே நகரசபையின் பனி தள்ளும் லாரியை ஓட்டிக் காலம் கழித்தவன். பஃபலோவின் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் அப்பா விட்டுப்போன நாலு இருக்கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, கரி அடுப்பு மூட்டி, சாஸேஜ் சுட்டுக்கொண்டே அணியின் குறைநிறைகளை அலசுவான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பொறாமை அவனை ஐம்பத்தேழாவது வயதில்தான் பிடித்தது. அதுவும் அந்தப் பிக்கப் வண்டியின் பக்கத்திலேயே.

அக்டோபர் மாதம். பஃபலோ முழுக்க ஒரே பேச்சு. மேற்குக்கரை அணியில் கென்யன் ஹாப்சன் என்று ஒரு ரிசீவர் இருந்தான். ஓரத்தில் நின்று, சைகை கிடைத்ததும் அம்பாகப் பாய்ந்து, தூரத்தில் வந்து விழும் பந்தைப் பிடிக்கிற ஆள். அவனைவிட வேகமாக ஓடுகிறவன் எந்த அணியிலும் இல்லை. ஊர் அணி அவனைக் கேட்டிருக்கிறதாம். பதிலுக்கு அவர்கள் கேட்டது அடுத்த வருஷம் கல்லூரிப் பையன்களில் முதல் சுற்றில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கூடவே, இங்கே பத்து வருஷமாக ஆடும் பென் ஆர்லெட். ஆர்லெட்டும் ரிசீவர்தான். வேகம் கிடையாது. ஆனால் கைக்கு வந்த பந்து கீழே விழாது. ஜெரார்ட் போட்டிருந்த சட்டையில் இருந்தது ஆர்லெட்டின் எண்தான்.

"வேகம் வேகம்னு ஏன்டா இப்படிச் சாகுறீங்க?" என்றான் ஜெரார்ட், சாஸேஜைத் திருப்பியபடி. "ஓடுறதுதான் வேணும்னா ஒரு குதிரையை வாங்கிக் கட்டுங்க. போன வருஷம் எத்தன பந்தை நழுவவிட்டான் அவன்? அது கையா, வெண்ணெயா?"

"மச்சான், உங்க ஆர்லெட்டு ஓடி முடிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி புல்லு வெட்டிட்டு வந்துருவேன்," என்றான் மிக்கி. அவன் ஜெரார்டின் மனைவி கொலீனின் தம்பி. நாலில் ஓர் இருக்கை அவனுக்கு.

இன்னோர் இருக்கை அடுத்த வீட்டு டுவேனுக்கு. அவன் வாயில் ரொட்டியோடு சொன்னான். "முதல் ரவுண்ட் தேர்வையும் குடுத்து ஆர்லெட்டையும் குடுத்தா அது வியாபாரமா? பட்டப்பகல் கொள்ளை."

நாலாவது இருக்கைக்காரி கொலீன், பீன்ஸும் மாட்டிறைச்சியும் கொதிக்கும் பானையைக் கிளறிக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாள்முதல் அந்த இடத்தில்தான் நிற்கிறாள். ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எப்போது முடியும், பானையை எப்போது வண்டியில் ஏற்றலாம். அன்று கரண்டியைப் பானை விளிம்பில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பையன் பந்தைப் பிடிக்கவே வேண்டாம். ஓடினாப் போதும். ஆழத்துல காவல் நிக்கிற ரெண்டு பேரும் பயந்துபோயி அவன் பின்னாடியே ஓடிருவாங்க. நடுவுல இடம் காலியாகும். அந்த இடத்துல ஆர்லெட் இருந்தா நின்ன எடத்துல பிடிப்பான். அதனால ஹாப்சனை வாங்கணும். ஆனா ஆர்லெட்டை விடக் கூடாது. ரெண்டு பேரும் சேந்தாத்தான் பிரயோசனம்."

மூன்று ஆண்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஒரு சாஸேஜ் கருகியது.

"அக்கா, உனக்குள்ள பூந்துகிட்டுப் பேசுறது யாரு?" என்றான் மிக்கி.

"கடையில நானும் ரஸ்ஸலும் பேசிக்கிட்டிருந்தோம்," என்றாள் கொலீன், உப்புப் பார்த்துக்கொண்டே.

ஜெரார்ட் சிரித்தான். மற்றவர்கள் சிரித்தபோது சிரிக்க வேண்டியிருந்தது. அன்றைய ஆட்டத்தில் ஊர் அணி ஜெயித்தது. அவனுக்கு ஒன்றும் பதியவில்லை. ரஸ்ஸல் யார்?

கொலீன் ஒரு ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கலந்துகொடுக்கும் வேலையில் இருந்தாள். ரஸ்ஸல் ஹேட்லி அதே கடையில் குழாய்ச் சாமான் பிரிவில் வசந்த காலத்தில் வந்து சேர்ந்தவன். அந்தப் பெயரை வீட்டில் ஜெரார்ட் கேட்டிருக்கிறான். ரஸ்ஸலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ரஸ்ஸல் டோனட் வாங்கிவந்தான், அந்த அளவில். இப்போது அந்தப் பெயருக்குத் திடீரென்று ஓர் உருவம் முளைத்தது.

உறுத்தியது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஜெரார்ட் அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். சாப்பாட்டு மேஜையில் உப்புக்குப்பியையும் மிளகுக்குப்பியையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி விளக்கினான். அவள் கொட்டாவி விட்டாள். சரி, அவளுக்கு இதில் மனம் போகாது என்று விட்டுவிட்டான். அவனிடம் கொட்டாவி விட்டவள் இன்னொருவனிடம் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள். காவல்காரர்கள் பின்வாங்குவது, நடுவில் இடம் திறப்பது எல்லாம் கொலீனின் வாய்க்குப் பொருந்தாத வார்த்தைகள். யாரோ ஓர் ஆண் அவளுக்குள் வைத்துவிட்டுப் போனவை என்று ஜெரார்டுக்குத் தோன்றியது. அவள் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்ததைப்போல் இருந்தது.

புதன்கிழமை வேலை விட்டதும், தேவையே இல்லாத ஒரு குழாய் வாஷர் வாங்கக் கடைக்குப் போனான். கொலீனுக்கு அன்று விடுமுறை. அதைத் தெரிந்துதான் போனான். குழாய்ச் சாமான் பக்கம் நின்றவன் உயரமாக இருந்தான். தலை நிறைய முடி. ஜெரார்டுக்கு நாற்பதிலேயே கொட்டிவிட்டது.

"எந்த சைஸ் வேணும்?" என்றான் ரஸ்ஸல். குரலும் நன்றாக இருந்தது.

ஜெரார்ட் ஏதோ ஒரு சைஸைச் சொல்லி வாங்கிக்கொண்டு, தான் யார் என்று சொல்லாமலே திரும்பினான். அந்த வாஷர் வீட்டில் எந்தக் குழாய்க்கும் சேரவில்லை.

அதற்குப் பிறகு ஹாப்சன் விவகாரம் அவனுக்கு ரஸ்ஸல் விவகாரமாகிவிட்டது. லாரியில் வானொலியைப் போட்டால் ஹாப்சன் வேண்டும் என்பவர்கள் எல்லோரும் ரஸ்ஸலின் குரலில் பேசினார்கள். சாப்பாட்டின்போது அவனே பேச்சை இழுத்தான்.

"உங்க ரஸ்ஸலுக்கு ஹாப்சனோட தொடை நரம்பு ரெண்டு தடவ இழுத்துகிட்டது தெரியுமா?"

"எங்க ரஸ்ஸலா?" என்றாள் கொலீன்.

"அவன்தானே உனக்கு வாத்தியார்."

அவள் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். எதையோ சொல்லப் போகிறவள்போல் இருந்தது. பிறகு, "உருளைக்கிழங்கு ஆறுது, சாப்பிடு," என்றாள். அவள் மறுக்காதது அவனுக்கு இன்னும் எரிந்தது.

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் நவம்பர் முதல் செவ்வாய். அதற்கு முந்திய ஞாயிறு உள்ளூரில் ஆட்டம். ஜெரார்ட் ஒரு திட்டம் போட்டான். "உன் ரஸ்ஸலையும் சாப்பிட வரச்சொல்லேன்," என்றான் கொலீனிடம், ஏதோ தாராளம் பண்ணுகிறவனைப்போல். மிக்கி, டுவேன் முன்னிலையில் நாலு கேள்வி கேட்டு அந்த முடிக்காரனை மண்ணைக் கவ்வவைப்பது என்று நினைத்துக்கொண்டான். கேள்விகளை லாரி ஓட்டும்போதே தயார் செய்தான்.

ரஸ்ஸல் ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பு ஒன்றோடு வந்தான். குளிருக்குக் காது மூடிய தொப்பி. "அன்னைக்கு வாஷர் வாங்கினது நீங்கதானே?" என்றான். கொலீன் திரும்பிப் பார்த்தாள். ஜெரார்டுக்குக் காது சிவந்தது. நேரே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"சரி, இதைச் சொல்லுங்க. மூணாவது முயற்சி. எட்டு கெஜம் பாக்கி. எதிராளி ரெண்டு காவலையும் ஆழத்துல நிறுத்தியிருக்கான். ஹாப்சன் வலது ஓரம். எங்க வீசுவீங்க?"

ரஸ்ஸல் திருதிருவென்று விழித்தான். "எங்கிட்டயா கேக்குறீங்க? நான் ஹாக்கி ஆளுங்க. கால்பந்துல பந்து எந்தப் பக்கம் போகுதுன்னே எனக்குப் பாதி நேரம் தெரியாது." பிறகு கொலீனைக் காட்டினான். "இவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுக்கிறாங்க. மத்தியான சாப்பாட்டு நேரத்துல பெயின்ட் டப்பா மூடியைக் கவுத்துப்போட்டு, மிச்சப் பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டு வரைஞ்சு காட்டுவாங்க. மார்ச்சுலேருந்து கேக்குறேன். இப்பத்தான் கொஞ்சம் புரியுது."

"நீங்க வரைஞ்சு காட்டுங்க கொலீன். அந்த நீலப்புள்ளி ஆட்டத்தை," என்று சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டான்.

மிக்கி, "அக்காவா?" என்றான். டுவேன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான். கொலீன் வெட்கப்பட்டுக்கொண்டே, பிக்கப் வண்டியின் பின்கதவில் படிந்திருந்த தூசியில் விரலால் வரைந்தாள். இது ஹாப்சன். இது ஆர்லெட். எதிராளியின் காவல் இரண்டும் இப்படிப் போகும். அப்போது நடுவில் ஒரு சதுரம் காலி. மற்ற ஆண்கள் மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஜெரார்ட் அடுப்புப் பக்கம் நின்றபடியே எட்டிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அவன் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ரஸ்ஸல் ஓர் அப்பாவி. மனைவி அவனை விட்டு ஃபுளோரிடாவுக்குப் போய்விட, மத்தியானத்தில் பேச்சுத்துணைக்கு ஏங்குகிறவன். ஆனால் நிம்மதிக்குப் பதிலாக முன்பைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. வெளியாள் ஒருவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான் என்றால் அவனை வெறுத்தாவது ஆறலாம். இது அவளுடையது. இத்தனை வருஷம் பானையைக் கிளறிக்கொண்டே பார்த்திருக்கிறாள், வீட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கடைசியில் எடுத்துக் கொடுத்தது ஒரு ஹாக்கிக்காரனுக்கு.

திரும்பும்போது வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் சிவப்பு விளக்குகளின் வரிசை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னேன்."

"எப்ப?"

"ரெண்டு மூணு தடவ. நீ 'சரி சரி, பானையைப் பாரு'ன்னே. ரஸ்ஸல் கேட்டான். ஏன் அப்படி, அப்புறம் என்னாகும்னு கேட்டான். கேட்டாச் சொல்லத் தோணுது ஜெரி."

"அந்த உப்புக்குப்பி, மிளகுக்குப்பி வச்சு நான் சொன்னப்போ கொட்டாவி விட்டியே."

"நீ தப்பாச் சொன்னே," என்றாள் கொலீன். "ஆழத்துல ஒரு காவல்தான் நிக்கும்னு சொன்னே. ரெண்டு நின்னாங்க. புதுசாக் கல்யாணமானவ, எப்படிச் சொல்றது?"

முன்வண்டி ஒரு கெஜம் நகர்ந்தது. அவனும் நகர்த்தினான்.

செவ்வாய்க்கிழமை அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. லாரியில் இருந்தபோது வானொலியில் செய்தி வந்தது. ஹாப்சன் வந்துவிட்டான். ஆர்லெட் போய்விட்டான். முதல் சுற்றுத் தேர்வும் போயிற்று. கேட்டதையெல்லாம் அணி கொடுத்துவிட்டது. ஜெரார்ட் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடைக்குப் போன் போட்டான். ஆர்லெட்டை விடக் கூடாது என்ற இந்த ஒரு விஷயத்தில் அவனும் கொலீனும் ஒரே பக்கம். அவளிடம் தான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவசரம்.

எடுத்தது ரஸ்ஸல். "கொலீன் செய்தியைக் கேட்டுட்டாங்க," என்றான் மெல்லிய குரலில். "பின்னாடி கிடங்குல இருக்காங்க. அழுறாங்கன்னு நினைக்கிறேன். தண்ணி குடுத்தேன்."

ஜெரார்ட் போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் விழும் பனியைப் பார்த்திருந்தான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அவள் ஆர்லெட்டுக்காக அழுகிறாள். தண்ணீர் கொடுத்தது வேறொருவன்.

ஹாப்சன் ஊரில் ஆடிய முதல் ஆட்டத்துக்கு மூச்சு உறையும் குளிர். ஊர் அணிக்கு மூன்றாவது தடவை பந்து கிடைத்தபோதே அவன் ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடி, அறுபது கெஜத்துக்கு மேல் போன பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். அரங்கம் இடிந்து விழும்போல் இரைந்தது. மிக்கி முன்வரிசை ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கொலீன் கைதட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்னக்கா?" என்றான் மிக்கி, ஜெரார்டைத் தாண்டிக் குனிந்து. முன்பெல்லாம் அப்படிக் குனிந்தால் கேள்வி ஜெரார்டுக்குத்தான்.

"அவங்க பயப்பட நடுவுல ஆர்லெட் இல்ல. இனிமே ரெண்டு காவலையும் ஹாப்சன் தலைமேலயே நிறுத்திருவாங்க."

நிறுத்தினார்கள். ஆட்டம் முடியும்வரை ஹாப்சன் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தான். டுவேனும் மிக்கியும் ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் கொலீனைக் கேட்டார்கள். அவள் சொன்னாள். சில பொய்த்தன, பெரும்பாலும் பலித்தன. நடுவில் உட்கார்ந்திருந்த ஜெரார்டின் மடிமேல் கேள்வியும் பதிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தன. அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டான்.

கடைசிக் கால்பகுதியில் மிக்கியும் டுவேனும் பியர் வாங்கப் போனார்கள். ஊர் அணி நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. ஜெரார்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, பின்வரிசைக்காரனுக்குக் கேட்காதபடி, அவள் காது மூடிய கம்பளித் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிக் கேட்டான்.

"இப்ப என்ன பண்ணலாம்?"

கொலீன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. களத்தைப் பார்த்தபடியே சொன்னாள். அவன் இடையில் ஒரு சந்தேகம் கேட்டான். அதற்கும் சொன்னாள். அவளது கையுறை விரல் அவன் முழங்காலில் ஒரு கோடும் ஒரு வளைவும் போட்டது.

மிக்கி பியரோடு வந்து உட்கார்ந்ததும் ஜெரார்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவள் சொன்னதைத் தன் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டான். "பாரு, ஹாப்சனை வலதுல ஓடவிட்டு இடதுல குட்டையா வீசுவாங்க." அப்படித்தான் வீசினார்கள். மிக்கி அவன் தோளில் அறைந்தான். கொலீன் வாயைக் கையுறையால் மூடிக்கொண்டு இருமினாள்.

ஊர் அணி தோற்றது. ஜெரார்ட் அன்று அதிகம் வருந்தவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது, நேற்றைய ஆட்டம் மத்தியானம் ரஸ்ஸலுக்கு முழுசாகப் போய்ச்சேரும், தனக்குக் கிடைத்ததோ கடைசிக் கால்பகுதி மட்டும் என்ற நினைப்பு வந்து குத்தியது. லாரிச் சாவியைத் தேடுவதுபோல் வாசல் பக்கம் நின்றான்.

"இன்னைக்கு மத்தியானம் நான் அந்தப் பக்கம்தான் ரோட்டுப் பனி கரைய உப்புத் தூவப் போறேன்," என்றான். "சாப்பாட்டுக்குக் கடைக்கு வரட்டுமா?"

"வா," என்றாள் கொலீன். "ரஸ்ஸலும் இருப்பான்."

"இருக்கட்டும்," என்றான் ஜெரார்ட். சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.