பெயின்ட் அடிக்காத சைக்கிள்

வாசலில் ஷூ அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் கிடக்கும் சாம்பல் நிற நார்த் துண்டைப் பாத்திரம் தேய்க்க என்று நினைத்து உங்கள் அம்மா ஒருமுறை சமையலறைக்கே கொண்டுபோய்விட்டாள். அது பாத்திரத்துக்கு இல்லை, பிள்ளைகளே. சுவரில் மாட்டியிருக்கும் அத்தையின் டைட்டேனியம் சைக்கிளுக்கு. போன வாரம் இரும்புக் கதவின் தாழ்ப்பாள் உரசி அதன் மேல் குழாயில் கீறல் விழுந்தது. நீங்கள் இருவரும் அதன் மேல் ஒரு டைனோசர் ஸ்டிக்கரை ஒட்டினீர்கள். "ஷ்ஷ்... சண்டே அத்தை வர்றாங்க லா, செத்தோம்" என்று பெரியவள் சின்னவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த டின்னைத் திறக்க ஒரு சாக்கு கிடைத்தது என்றுதான் தோன்றியது.

உங்களுக்கு அத்தை என்றால் வெள்ளைச் சேலை கட்டிய சிஸ்டர். கன்னியர் மடத்துக்குப் போவதற்கு முன் என் அக்கா இதே புக்கிட் பாஞ்சாங் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் தாதி. எத்தனையோ வருடம் இரவு ஷிப்ட் பார்த்து அந்தச் சைக்கிளை வாங்கினாள். உடைந்த எலும்பில் பொருத்துகிற தகடும் இதே உலோகம்தான், துருப்பிடிக்காது என்று அவளுக்குப் பெருமை. எங்களுக்கோ அதைப் பார்த்தால் வேலை முடியாத சைக்கிள் மாதிரி இருந்தது. நிறம் இல்லை, பளபளப்பும் இல்லை, மழை மேகம் மாதிரி ஒரு மங்கல். கம்பெனி ஸ்டிக்கரைக்கூட உரித்துவிட்டாள். "பெயின்ட் அடிக்காத சைக்கிளும் கல்யாணம் கட்டாத பொண்ணும் என் வீட்டுலதான் நிக்கணும்னு எழுதியிருக்கு" என்பாள் என் அம்மா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "கொஞ்சம் புளி போட்டுத் தேயேன்மா, குத்துவிளக்கு மாதிரி மின்னும்" என்று வம்புக்கு இழுப்பார். "மின்னவே கூடாதுன்னுதான் ஆன்ட்டி இத வாங்குனேன்" என்று அக்கா சிரிப்பாள்.

சனிக்கிழமை தோறும் நடைவழியில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு உட்கார்ந்துவிடுவாள். வியர்வையும் சன்ஸ்கிரீனும் பட்ட இடங்களைக் கழுவி, கிழிந்த பனியனால் ஈரம் போகத் துடைப்பாள். கைரேகைக் கறை போகாவிட்டால் துணியில் ஒரு சொட்டு எண்ணெய். லேசான கீறல் இருந்தால் மட்டும் டின்னைத் திறப்பாள். அந்தச் சைக்கிளின் குழாய்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வளையல் அடுக்கினது போல மெல்லிய கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடும். நார்த் துண்டைக் குழாயில் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து, ஷூ துடைப்பது போல இப்படியும் அப்படியும் இழுப்பாள். கீறல் அந்தக் கோடுகளுக்குள் கரைந்துவிடும். "பெயின்டுன்னா ஒட்டுப் போடணும்டா. இது மேல தேஞ்சா உள்ள இருக்கறதும் இதேதான்" என்பாள். எங்களில் யாரையும் அதைத் தொடவிட மாட்டாள்.

மடத்தில் சேரப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அம்மா வாரக்கணக்கில் அழுதாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது, "அங்க நல்ல மீன் கிடைக்குமாடி?" என்று கேட்டாள். அதுதான் அம்மா கொடுத்த சம்மதம். அக்கா தன் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள். பட்டுச் சேலைகள் சித்தி மகளுக்குப் போயின. கைக்கடிகாரம், போன், காதில் கிடந்த தோடு எல்லாம் போயின. எதைக் கொடுக்கும்போதும் அவள் முகம் மாறவில்லை. சைக்கிளை மட்டும் யாருக்கென்று சொல்லாமலே இருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் அப்பாவின் கல்லறைக்குச் சைக்கிளில் போய்விட்டு வந்தாள். அங்கே சாய்த்து வைத்தபோது கல் விளிம்பு உரசி, மேல் குழாயில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். மாலையில் என்னைக் கூப்பிட்டு நார்த் துண்டைக் கையில் கொடுத்தாள்.

"இனிமே இது உன்னோடது. நீயே தேய், நான் பார்க்கணும்."

"அப்பா கல்லறையில பட்டதுதானே அக்கா, ஞாபகமா இருக்கட்டுமே."

"அப்பாவ ஞாபகம் வச்சுக்கக் கீறல் எதுக்குடா? தேய்."

அவள் பிரம்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் சட்டி தேய்ப்பது போலக் குழாயின் நீளவாக்கில் அழுத்தித் தேய்த்தேன். கீறலோடு சேர்ந்து புதிதாக ஏழெட்டுக் கோடுகள். வளையல் வரிசை முழுக்கக் குறுக்கே கிழிந்தது போல ஆகிவிட்டது. பயந்துபோய் நிமிர்ந்தேன். பிடுங்கித் தானே சரிசெய்வாள் என்று நினைத்தேன். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கண்கள் குழாயை விட்டு நகரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்னக்கா, ஜெபம் பண்றியா?"

"இல்ல. உன்னத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவள் கண் நிறைந்திருந்தது. "கோடு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாரு" என்றாள். அவ்வளவுதான். நான் குனிந்து பார்த்தேன். பிறகு துண்டைக் குழாயில் சுற்றிப் பிடித்து, மெதுவாக இழுக்க ஆரம்பித்தேன். முதலில் என் கோடுகள் போயின, கடைசியில் அப்பா கல்லறைக் கீறலும் போனது. அவள் எழுந்து வந்து, தொடாமல், முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "சரி, இனிமே போலாம்" என்றாள். அவள் கைகளில் ஸ்டூலின் பிரம்புப் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அதன் பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சைக்கிளைப் பார்க்கிறாள். நீங்களும் கவனித்திருப்பீர்கள். "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வாள். பிறகுதான் எங்களை நலம் விசாரிப்பாள்.

இன்று சாயங்காலம் டைனோசரை உரித்து, பசையை எண்ணெய்த் துணியால் எடுத்துவிட்டு, நார்த் துண்டை நான் பெரியவளிடம் கொடுத்தது ஏன் என்று இப்போது புரியும். நீ அத்தை உயரத்துக்கு வளர்ந்துவிட்டாய், இனி சைக்கிள் உன்னுடையது. வாங்கியதும் நீளவாக்கில் ஒரே இழுப்பு இழுத்தாயே, அம்மாடி! அதே பிரம்பு ஸ்டூலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் கைகள் எப்போது தொடைக்கு அடியில் போயின என்று எனக்கே தெரியாது.

"அப்பா, கண்ண மூடிக்கிட்டு என்ன பண்றீங்க, ப்ரேயரா?" என்று சின்னவன் கேட்டான்.

"ஆமாடா" என்றேன்.

அது பொய் என்று இப்போது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும். நாளைக்கு அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.