கதவோரம் அடுக்கிய மூட்டைகள்

மூட்டையின் மேல் செபக் கருத்தை, எதற்காக வேண்டுகிறோம் என்பதை, எழுதலாம் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குத் தந்தை, கடவுளின் படைப்பைக் காப்பதும் தவம்தான் என்று பிரசங்கம் வைத்தார். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன். வெப்பம் கூடுகிறது, கடல் ஏறுகிறது என்று தலைவர்கள் மாநாடு கூடிப் பேசுவதைச் செய்தியில் பார்த்தால், நம்மால் என்ன ஆகப்போகிறது என்று சேனலை மாற்றிவிடுவேன். அன்று மனசு உறுத்தியது. என் மனைவியின் அண்ணன் பிளாஸ்டிக் சேகரித்து வெளிநாட்டு மறுசுழற்சி ஆலைகளுக்கு அனுப்புகிறார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"கழுவி, காயவச்சு, வகை பிரிச்சுக் குடுங்க மாப்பிள்ளை, போதும். இதுக்கு நாடுங்க எல்லாம் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் இருக்கு. அழுக்குக் குப்பைய அந்த நாட்டோட சம்மதம் இல்லாம அனுப்ப முடியாது. மீறி அனுப்பினா, அனுப்பினவங்களே திருப்பி எடுத்துக்கணும்" என்றார். ஆங்கிலத்தில் இருந்த சில தாள்களையும் காட்டினார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் இத்தனை நாடுகள் கையெழுத்துப் போட்டது என்றால் அது பீடத்தின் முன் கொடுத்த வாக்கு மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லாரிடமும் இதைச் சொன்னேன். பாடகர் குழுவில் ஓர் அக்கா உண்டு. ஆங் மோ கியோ வட்டாரத்திலிருந்து வருபவர், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, தயிர் டப்பாவ கழுவினா மோட்சம் கிடைக்குமா லா?"

"மோட்சம் தெரியாது. வீட்டுல எறும்பு வராது."

"அப்ப எங்க வீட்டுக்காரரையும் கழுவி மூட்டையில போட்டுடறேன்!"

மண்டபமே சிரித்தது. சிரித்தபடியே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கருத்து ஒன்று வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஒருசந்தி நோன்பு இருப்பதில்லை. அந்தப் பழக்கத்தில்தான், "கழுவும்போது ஒரு கருத்துக்காக வேண்டிக்குங்க, அதையே மூட்டை மேல எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாரா வாரம் மூட்டைகள் சேர்ந்தன. வெள்ளைப் பையில் கறுப்பு மை. 'அம்மாவின் முட்டிவலி.' 'மகளுக்கு நல்ல வரன்.' கேலி பேசிய அந்த அக்கா 'என் மகனின் சிறுநீரகத்துக்காக' என்று எழுதியிருந்தார். அதுவரை எங்கள் யாருக்கும் அது தெரியாது. என் மனைவி, 'மாதாவே, அண்ணன் தொழில் தழைக்கட்டும்' என்று எழுதினாள்.

புனித வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு மச்சானின் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு கண்டெய்னர் ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்து நின்றது. "இந்த மூட்டைங்கள கதவோரமா அடுக்குங்கப்பா, பார்த்து, கிழியாம" என்று ஆட்களிடம் சொன்னார். செபம் எழுதியதாயிற்றே, நசுங்கக் கூடாது என்று மரியாதை வைக்கிறார் என நினைத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவியின் முகம் மலர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து அந்த அக்கா ஒரு படம் அனுப்பினார். எல்லை தாண்டி ஜொகூரில் இருக்கும் அவருடைய நாத்தனார் எடுத்தது. செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஒரு வெற்று நிலம், மலை போலக் குப்பை, ஒரு மூலையில் புகை. குப்பையின் மேல் எங்கள் பைகள். கூடவே நாத்தனாரின் குரல் பதிவு: "அண்ணி, யாரோ மாதா பேரை எழுதிக் குப்பையில வீசியிருக்காங்க. தினமும் கொளுத்துறாங்க, இங்க பிள்ளைங்க எல்லாம் இருமுது."

அக்கா அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "அண்ணே, கிழிஞ்சு கிடக்கிற மூட்டை என்னோடது." அதன் பக்கத்தில் கிடந்தது என் மனைவியின் மூட்டை.

மச்சான் சாயங்காலம் தேக்காவில் ஒரு கடையில் தேநீர் குடிப்பார். போய் எதிரே உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு கைப்பேசியை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"சோதனைக்கு வர்றவங்க கண்டெய்னர் கதவத் திறந்தா முன்னாடி இருக்கிறதத்தான் பார்ப்பாங்க மாப்பிள்ளை. உங்க மூட்டை பளிச்சுன்னு இருந்துச்சு."

"பின்னாடி இருந்தது?"

"அழுக்குதான். கழுவினது மட்டும் அனுப்பித் தொழில் பண்ண முடியுமா? வாங்கினவன் ஆலைக்குக் கொண்டு போகாம கொட்டிட்டான். அதுக்கு நான் என்ன பண்றது?"

"அவங்க சம்மதம் வேணும்னு சொன்னீங்களே. ஒப்பந்தம்னு காட்டினீங்களே."

"ஒப்பந்தம் இருக்கத்தானே செய்யுது. அதுல நான் எங்க பொய் சொன்னேன்? டீ ஆறுது, குடிங்க."

நான் குடிக்கவில்லை. அவர் காட்டிய தாளில் பொய் இல்லை என்பதுதான் என்னை அறுத்தது. சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார். அதனால்தான் அதை எங்கே ஏமாற்றலாம் என்றும் தெரிந்திருந்தது. எங்கள் வேண்டுதல்களை முன்னால் நிறுத்திச் சட்டத்தின் கண்ணை மறைத்திருக்கிறார். கையெழுத்துப் போட்ட அந்த நாடுகள் மீதும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்துவிட்டு, முன்வரிசையோடு பார்வையை நிறுத்திக்கொண்டால் எப்படி? அடுத்த நிமிடமே, நானும் கொட்டகையில் அப்படித்தானே நின்றேன் என்று உறைத்தது.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. அந்த அக்கா மட்டும், "இப்ப நான் வேண்டினதும் அங்கதான் எரியுதாண்ணே?" என்று கேட்டார். அவர் முகத்தில் கேலி இல்லை.

குப்பையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நாடு கேட்டதாம். இங்கே விசாரணை தொடங்கி, பைகளில் இருந்த செப வரிகளை வைத்து எங்கள் கோயில் வரை வந்தது. எங்கள் வீட்டுக்கு அதிகாரி வரும் நாளில் மச்சான் தங்கையைக் கைப்பேசியில் அழைத்தார். "அந்தப் பையெல்லாம் யாரோடதுன்னு தெரியாதுன்னு சொல்லிடும்மா. நீங்க சொல்லலைன்னா என் சரக்குன்னு ஒருத்தனும் நிரூபிக்க முடியாது." அவள் அழைப்பைத் துண்டித்தாள். அதன் பிறகு செபமாலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மணிகள் நகரவில்லை.

அதிகாரி ஒரு சீன இளைஞர். படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இந்த எழுத்து யாருடையது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளைப் பார்த்தேன். அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என் எழுத்துதான்னு சொல்லுங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தம் தாளில் குறித்துக்கொண்டே வந்தவர், 'அண்ணன்' என்ற இடத்தில் நிமிர்ந்து அந்த அண்ணனின் பெயரைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள், என் மனைவி அதை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.