எல்லை வரப்பும் ஒற்றைத் தோட்டாவும்

இந்தச் சைகோன் பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை வயல் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் ஒருவரும் தலை திருப்புவதில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்க்கிறேன். நேற்று என் அலுவலகத்துத் துரை தம் துப்பாக்கியை நீட்டி, வாத்து சுட வா என்றார். ஊரில் நான் வைத்திருந்ததைப் போலவே ஒற்றைக் குழல், ஒற்றைத் தோட்டா. குழலில் சுண்டுவிரல் நுனிதான் நுழையும். "இங்கே எல்லை எங்கே இருக்கிறது, முசே?" என்று கேட்டேன். "எல்லையா? அது பல நாள் பயணம். வாத்து அவ்வளவு தூரம் பறக்காது!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரிப் பக்கத்து எங்கள் பாகூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்தது இங்கிலீஷ்காரனுடையது. நடுவில் ஒரு முழ வரப்பு. எங்கள் ஊராட்சியான பிரெஞ்சு கொம்யூன் அலுவலகத்தில் நான் வாங்கிய துப்பாக்கி அனுமதிச் சீட்டு அந்த வரப்பைத் தாண்டினால் செல்லாக்காசு. சின்னக் குழல் என்பதால் பறவை ஒரே சூட்டில் சாவது அபூர்வம். அடிபட்டு அந்தப் பக்கம் விழுந்தால், துப்பாக்கியை வரப்பில் கிடத்திவிட்டு வெறுங்கையோடு போய் எடுத்து வருவதுதான் வழக்கம்.

ஊரைவிட்டு வருவதற்கு நாலு நாள் முன்பு, ஒரு காலை, நான் சுட்ட சிறகி வாத்து இறக்கை ஒடிந்து இங்கிலீஷ் வயலில் விழுந்து ஓடியது. மறு தோட்டாவைப் போட்டு, கூட வந்த தங்கை புருஷன் ஏழுமலையிடம் துப்பாக்கியைக் கொடுத்தேன்.

"வெறுங்கையோட போறேன் மச்சான். போலீஸ்காரன் கண்டா வம்பு" என்றான் அவன்.

"இன்னா மாப்ள, காக்கா கூட இல்ல இங்க. கிட்டப் போயி ஒண்ணு போட்டுட்டு வந்துடு" என்றேன்.

என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. பத்தடி போயிருப்பான், கரும்புக்குள்ளிருந்து இரண்டு இங்கிலீஷ் போலீசார் எழுந்து அவனைப் பிடித்தார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். துப்பாக்கி என்னுடையது என்று நான் சொல்லவில்லை. என் பெயரை அவனும் சொல்லவில்லை. எனக்குச் சைகோன் வேலைக்கு முன்பே உத்தரவு வந்திருந்தது, நாலாம் நாள் கப்பலேறிவிட்டேன். கோழை என்று நீங்கள் திட்டலாம். நானே தினம் திட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் தங்கை அஞ்சலை யாரிடமோ சொல்லி எழுதிய ஒரு கடிதம் வந்தது: "அண்ணா, துப்பாக்கி கடத்தி விக்க வந்தாருன்னு கேசு போட்டுருக்காங்க. இன்னா கேட்டாலும் அவரு வாயத் தொறக்கல. நீ கடலூர் கோர்ட்டுக்கு வந்து, நாந்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா வுட்டுருவாங்களாம். வருவியா?"

சொன்னால் அவன் வெளியே வருவான், நான் உள்ளே போவேன்.

இன்று கப்பல் கம்பெனிக்குப் போனேன். "புதுச்சேரியா? அது நம் பிரான்சுதானே, தாராளமாகப் போகலாம்" என்றான் குமாஸ்தா. இங்கிலீஷ்காரன் ஊரான கடலூருக்கு என்று கேட்டேன். "அது அயல்நாடு ஆயிற்றே! அங்கே உமக்கு யார் இருக்கிறார்கள்?" என்றான். பயணப் பாரத்தில், போகும் ஊர் என்ற இடத்தில் புதுச்சேரி என்று எழுதினேன். தங்கைக்கு எழுதும் பதிலில், வருகிறேன் என்பது வரை எழுதியாயிற்று. எந்த ஊருக்கு என்று எழுதத்தான் இன்னும் கை வரவில்லை.